பெட்டியின் அடியில் 'ஏனே 13'

பெட்டியைக் கவிழ்த்தால் அடிப்பலகையில், கியூபாவில் முழுக்கக் கையால் செய்தது என்று ஸ்பானிஷில் சூடு வைத்திருப்பார்கள். அதன் பக்கத்தில், கொஞ்சம் கோணலாக, மையில் குத்திய இரண்டு வரி. ஒன்று எந்தத் தொழிற்சாலை என்பதற்கான மூன்றெழுத்துக் குறியீடு, இன்னொன்று 'ஏனே 13'. ஏனே என்றால் ஏனெரோ, ஜனவரி. 2013 ஜனவரியில் மூடிய பெட்டி. உள்ளே 25 சுருட்டு, பர்தகாஸ் சீரி டி நம்பர் 4 என்கிற வகை: கட்டைவிரல் தடிமன், பன்னிரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு நூல் குறைவான நீளம், சிவப்புக் காகிதப் பட்டை.

பெரியப்பா மகன் கொண்டுவந்து கொடுத்தது. தூத்துக்குடியில் இருப்பவர், சரக்குக் கப்பலில் இஞ்சினியராக ஊர் ஊராகச் சுற்றியவர். அந்த வருஷம் ஆகஸ்டில் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பழைய லுங்கியில் சுற்றி எடுத்துவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, "ஏல, இத இப்பத் தொறக்காத, அஞ்சு வருசம் கெடக்கட்டும்" என்றார். அவரை ரயில் ஏற்றிவிட்டு வந்த ராத்திரியே திறந்துவிட்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று ஒரு கதை உலாவுகிறது. வாய்க்கும் தொண்டைக்கும் அது தெரியாது. நான் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று பிடிக்கிறவன், அதுவும் நல்லதுக்கில்லை என்று தெரிந்தே. இதைப் படித்துவிட்டு யாரும் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

சரி, அந்த முதல் சுருட்டு. மாட்டுக் கொட்டகைக்குள் காலையில் முதல் ஆளாக நுழைந்தால் மூக்கில் ஒரு நெடி ஏறுமே, கண் லேசாகக் கரிக்குமே, அதேதான். முதல் நாலு இழுப்பில் மிளகுக் காரம், அதற்குப் பின்னால் அந்த நெடி, பாதி போனதும் தொண்டையில் கமறல். மறுநாள் காலை வரை நாக்கு தோல் உரிந்த மாதிரி இருந்தது. இதற்கா உலகம் இவ்வளவு பணம் கொடுக்கிறது என்று நினைத்தேன்.

அந்த நெடி அமோனியாதான். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் முழுக்கதையும் அதிலேயே இருக்கிறது. கியூபாவின் மேற்குக் கோடியில் பினார் தெல் ரியோ மாகாணம், அதில் வுவெல்தா அபாஹோ என்கிற பகுதி, சிவந்த மண். அங்கே பறித்த பச்சை இலையை நூலில் கோத்து, கம்புகளில் தொங்கவிட்டு, உயரமான கொட்டகையில் ஏறக்குறைய 50 நாள் காற்றில் காய வைக்கிறார்கள். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகிறது. அது வெறும் காய்தல். அப்புறம்தான் விஷயம். காய்ந்த இலையை லேசாக ஈரப்படுத்தி, ஆள் உயரத்துக்கு அம்பாரமாக அடுக்குகிறார்கள், பிலோன் என்று பெயர். ஈரம் போகாத வைக்கோல் போருக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே கொதிக்கும். பிலோனும் அப்படித்தான், யாரும் தீ மூட்டாமலே சூடேறும். நீளமான வெப்பமானியைச் செருகி வைத்துக் கண்காணித்து, சூடு எல்லை தாண்டும் முன் அம்பாரத்தைப் பிரித்து, மேலே இருந்ததை உள்ளேயும் உள்ளே இருந்ததை வெளியேயும் மாற்றி அடுக்குவார்கள். இலையில் உள்ள புரதம் உடைந்து அமோனியாவாக வெளியேறுவது இந்த நொதித்தல் சூட்டில்தான். நிகோடினும் கொஞ்சம் இறங்கும். இலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டினாய்டுகள் உடைந்து வாசனைப் பொருள்களாக மாறுவதும் இந்த வழியில்தான், நல்ல தேயிலையின் மணத்துக்கும் அதே சங்கதி ஒரு காரணம்.

ஆனால் எல்லா அமோனியாவும் அம்பாரத்திலேயே போய்விடாது. சுருட்டும்போது இலையை மறுபடி ஈரப்படுத்துவதால் கொஞ்சம் நொதித்தல் மறுபடி கிளம்பும். அதனால்தான் சுருட்டியதை உடனே விற்காமல் சந்தன நிறச் செதார் மர அலமாரிகளில் ஆறப்போடுகிறார்கள். ஆறப்போட்டது போதவில்லை என்றால் மிச்சத்தை என்னை மாதிரி அவசரக்காரன் மூக்கு வாங்கிக்கொள்ளும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், கடையில் பலரும் குழப்புவது. பழையது என்று சொன்னால் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று இலை பழையது, சுருட்டுவதற்கு முன் பொதியில் கட்டி வருஷக்கணக்கில் கிடந்தது. இன்னொன்று சுருட்டு பழையது, சுருட்டி முடித்த பிறகு பெட்டியில் கிடந்தது. நிகராகுவாவின் பத்ரோன் 1964 ஆனிவர்சரியில் இலையை நாலு வருஷம் வைத்திருந்து சுருட்டுகிறார்கள். கியூபாவின் ரிசர்வா வரிசையில் இலைக்கு மூன்று வருஷம், கிரான் ரிசர்வாவில் ஐந்து. அதே கியூபாக்காரர்கள் 2014இல் அன்யெஹாதோஸ் என்று கொண்டுவந்தது வேறு வகை, சுருட்டி முடித்ததைக் கியூபாவிலேயே ஐந்து முதல் எட்டு வருஷம் வைத்திருந்து விற்பது. கொஹீபா என்கிற கியூபா ரகத்தில் இன்னொரு வழி, உள்ளே வைக்கும் இலைகளில் சிலவற்றுக்கு மூன்றாவது தடவையாக ஒரு நொதித்தல், மரப்பீப்பாயில். பொதியில் இலை தனித்தனியாக முதிர்கிறது. பெட்டியில் நாலு வயல் இலைகள் ஒன்றோடு ஒன்று உரசி, எண்ணெயும் ஈரமும் சமப்பட்டு முதிர்கின்றன. இரண்டும் இரண்டு வேலை, ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

நான் கண்ட அளவில் வயது சுருட்டுக்கு எதையும் சேர்ப்பதில்லை. புது அரிசியை வடித்தால் குழையும், ஒரு வருஷம் மூட்டையில் கிடந்த அரிசி உதிரி உதிரியாக வரும். அரிசிக்குள் யாரும் எதையும் போடவில்லை, ஏதோ ஒன்று போயிருக்கிறது, அவ்வளவுதான். முதலில் அமோனியா போகிறது, பிறகு நாக்கைக் குத்தும் காட்டம், பிறகு துவர்ப்பின் முனை. அதுவரை இவற்றுக்கு அடியில் கிடந்த இனிப்பும் மரவாசனையும் மேலே தெரிகின்றன. பார்க்கிறவன் புதுச் சுவை வந்துவிட்டது என்கிறான். நிறுத்தத் தெரியாமல் வைத்துக்கொண்டே போனால் அந்த இனிப்பும் ஒருநாள் போகும்.

நடுவில் ஒரு சோகம். 2015இல் இரண்டு பிடித்துப் பார்த்தேன், ஈர அட்டைப்பெட்டியைக் கொளுத்திய மாதிரி சப்பென்று இருந்தது. காரமும் இல்லை, இனிப்பும் இல்லை. கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டி, பெட்டியை அலமாரியில் தள்ளிவிட்டு மறந்துபோனேன். சுருட்டுக்காரர்கள் இதைச் சீக்குக் காலம் என்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். சிலது அந்தக் காலத்தைத் தாண்டி வரும், சிலது வராது.

மறந்ததற்குத் தண்டனை அடுத்த மே மாதம் கிடைத்தது. சென்னையில் இருக்கிறேன், ஈரப்பதம் பற்றி எனக்குக் கவலை இல்லை, ஊரே ஒரு ஈரப்பெட்டி. ஆனால் சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் மட்டும் போதாது, 20 டிகிரிக்குக் கீழே சூடும் வேண்டும். பெட்டியைத் திறந்தால் மேலடுக்கில் ஏழு சுருட்டில் குண்டூசி குத்திய மாதிரி வட்டமான துளைகள். ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் தட்டினேன், காப்பித்தூள் மாதிரி நைசாகப் பழுப்புப் பொடி உதிர்ந்தது, கூடவே எள் அளவில் ஒரு வண்டு, தலையை உள்ளே மடக்கிக்கொண்டு செத்த மாதிரி நடித்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மல்லித்தூள்ல வர்ற வண்டுதானடா?" என்றார். அதேதான். லாசியோடெர்மா என்கிற புகையிலை வண்டு. மல்லி, மிளகாய்த்தூள், மஞ்சள் எதையும் விடாது. முட்டை இலையோடு கியூபாவிலிருந்தே வந்திருக்கலாம், நம்ம வீட்டு மளிகையிலிருந்தும் போயிருக்கலாம், யாரைக் குற்றம் சொல்ல. குளிர்ச்சியாக இருக்கும்வரை முட்டை சும்மா கிடக்கும், சென்னை மே மாதத்தில் எது சும்மா கிடக்கும்? மிச்சமிருந்த 14ஐயும் ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் நாலு நாள், பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், பிறகுதான் வெளியே. அவசரப்பட்டு நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடித்துவிடும். அதற்கப்புறம் ஒயின் வைக்கும் சின்னக் குளிர்பெட்டி ஒன்றை வாங்கி 18 டிகிரியில் வைத்தேன், உள்ளே ஈரப்பத உறை. கரண்ட் போனால் வீட்டில் எல்லோரும் ஃபேனைப் பார்ப்பார்கள், நான் இதைப் பார்ப்பேன்.

மேலிலை என்று சொன்னேன் இல்லையா, அதற்கு வருகிறேன். நல்ல சுருட்டில் மூன்று பாகம். நடுவில் உள்ளிலை, அதைப் பிடித்து வைக்கும் கட்டிலை, எல்லாவற்றுக்கும் மேலே மேலிலை. ஸ்பானிஷில் மேலிலைக்குக் காப்பா, அதாவது மேலங்கி. உள்ளிலைக்குத் திரிப்பா, அதாவது குடல். பெயர் வைத்தவன் ரசிகன். செடியின் உச்சியில் வெயிலை அதிகம் வாங்கித் தடித்துக் கறுத்த இலை லிகெரோ, காட்டம் அதில்தான், மெதுவாகத்தான் எரியும், அதனால் நட்டநடுவில் வைப்பார்கள். அடியிலை வோலாதோ, நன்றாகப் பற்றி எரியும். நடுவிலை செகோ, மணம் அதில்.

மேலிலைக்கு என்று தனி வயல். நேரடி வெயில் பட்டால் இலை தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கும், எண்ணெய் ஊறும். நிழலில் வளர்ந்தால் வெளிச்சத்தைத் தேடி அகலமாகும், மெலியும், நரம்பு ஒடுங்கும். கியூபாவில் மேலிலை வயல் முழுக்க வெள்ளைத் துணிப்பந்தல், தப்பாதோ என்பார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் 1900இல் சுமத்ரா விதையை வைத்து இதே மாதிரி கூடாரத்துக்குள் வளர்க்கத் தொடங்கினார்கள், பட்டு மாதிரி வெளிர் பழுப்பு இலை. இப்போது அந்தக் கனெக்டிகட் வகை நிறைய ஈக்குவடோரிலிருந்து வருகிறது, அங்கே பந்தலே வேண்டாம், மலையடிவாரத்தில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மேகம் மூடியிருக்கும்.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் செரூட் என்கிறார்களே, அது நம்ம சுருட்டுதான். திருச்சிச் சுருட்டு வெள்ளைக்காரன் காலத்தில் லண்டன் வரை போனது. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள், அந்தப் பக்கத்துச் செம்மண்ணில் விளைவது உள்ளிலைக்கும் மெல்லுவதற்கும். மேலிலை ஆராய்ச்சிக்கு வங்காளத்தின் வட கோடியில் தின்ஹட்டாவில் தனி நிலையம் வைத்தார்கள். எல்லா மண்ணும் எல்லா இலைக்கும் ஒத்துவராது. என் தாத்தா உறையூர்ச் சுருட்டுதான் பிடிப்பார், வாங்கிய சுருட்டை ஜன்னல் மேட்டில் பத்து நாள் போட்டு வைப்பார். "காரல் போகட்டும்" என்பார். அண்ணன் சொன்ன ஐந்து வருஷமும் தாத்தாவின் பத்து நாளும் ஒரே கணக்குதான் என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

கறுப்பாக இருந்தால் காட்டம், வெளுப்பாக இருந்தால் மென்மை என்று கடைக்காரர்களே சொல்வார்கள். தப்பு. காட்டம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் லிகெரோவிலிருந்து வருகிறது. மதுரோ என்கிற கறுத்த மேலிலை, அதிக நாள், அதிகச் சூட்டில் நொதித்த இலை. மெல்லிய நிழலிலை அந்தச் சூட்டைத் தாங்காமல் கிழிந்துவிடும், அதனால் கனெக்டிகட் பிராட்லீஃப், மெக்சிகோவின் சான் அந்திரேஸ் மாதிரி தடித்த தோல்கள்தான் அதற்கு லாயக்கு. அந்த நீண்ட நொதித்தலில் கசப்பு மங்கி வெல்லம், காப்பி, கருகிய ரொட்டி மாதிரியான சுவை வருகிறது. சர்க்கரைப் பாகு தடவுகிறார்கள் என்பது நல்ல சுருட்டைப் பொறுத்தவரை பொய், மட்ட ரகத்தில் சாயம் ஏற்றுவது உண்மை. இந்தப் பக்கக் கோடி மதுரோ என்றால் அந்தப் பக்கக் கோடி கந்தேலா. வேகமாகச் சூடேற்றி உலர்த்திப் பச்சை நிறம் போகாமலே பிடித்து வைத்த இலை. ஒரு காலத்தில் அமெரிக்கர்கள் அதைத்தான் விரும்பிக் கேட்டார்களாம். நான் ஒன்று பிடித்தேன், அருகம்புல் சாறு. போதும்.

மேலிலைதான் சுவையில் எழுபது சதவீதம், எண்பது சதவீதம் என்று அடித்துச் சொல்கிறார்களே, அதைப் பார்த்துவிடலாம் என்று ஒருமுறை சிங்கப்பூரில் பத்ரோன் 1964 இரண்டு வாங்கினேன். ஒரே அளவு, ஒன்று நேச்சுரல், ஒன்று மதுரோ. உள்ளே ஒரே கலவை, வெளியே மட்டும் வேறு சட்டை. முதலில் பற்றவைக்காமல் சும்மா இழுத்துப் பார்த்தேன். மதுரோ உதட்டில் பட்டதுமே கருப்பட்டி மாதிரி ஒரு லேசான இனிப்பு ஒட்டியது, நேச்சுரலில் காய்ந்த வேர்க்கடலைத் தொலி. ஒரு அங்குலம் வரை இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தேன். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் ஈரத்துணியால் சுருட்டின் வாய் வைக்கும் முனையை ஒற்றி, பசை இளகியதும் நகத்தால் மேலிலையின் முனையை நெம்பி, வாழைநார் உரிக்கிற மாதிரி சுற்றிச் சுற்றி எடுத்தேன். கையில் ரொம்ப மெல்லிசாக ஒரு நாடா வந்தது, உள்பக்கம் நரம்புகள், வெளிப்பக்கம் வழவழப்பு. கட்டிலையோடு நின்ற இரண்டு அம்மணச் சுருட்டையும் தொடர்ந்து பிடித்தால், மண்ணும் கொட்டைப் பருப்பும் கொஞ்சம் மிளகும், இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை. கருப்பட்டி போயே போச்சு. ஆனால் காட்டம் துளியும் குறையவில்லை, சொல்லப்போனால் ஏறியது, உரித்ததில் வேகமாக எரிந்தது காரணமாக இருக்கலாம்.

அப்போ எழுபது சதவீதம் சரியா? அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை, நான் நம்பவில்லை. கணக்கு எளிது. சுருட்டின் தடிமனை அங்குலத்தில் 64இல் ஒரு பங்காக அளக்கிறார்கள், 64 என்றால் ஒரு அங்குல விட்டம். தடிமன் ஏற ஏற உள்ளே அடைக்கும் இலை, மேலே சுற்றும் இலையை விட வேகமாக ஏறும். லான்செரோ என்கிற 38 தடிமன் ஒல்லிச் சுருட்டில் மேலிலையின் பங்கு, 60 தடிமன் உருளையில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். மேலிலையின் ருசி தெரிய வேண்டும் என்றால் ஒல்லியானதை வாங்குங்கள். இப்போதைய மோகமோ குண்டு குண்டாக வாங்குவதில் இருக்கிறது, அதில் நல்ல மேலிலையைப் போடுவது பட்டுப்புடவையை மெத்தைக்கு உறையாகத் தைப்பது மாதிரி.

வயதும் மேலிலையும் சேரும் இடம்தான் எனக்குப் பிடித்தது. வெளிர் கனெக்டிகட் சட்டை போட்ட மென்மையானவற்றை நான் வைத்துப் பார்த்தவரை இரண்டு மூன்று வருஷத்தில் வெந்நீர் ஆகிவிடுகின்றன, கழிப்பதற்கு அவற்றில் ஒன்றுமே இல்லையே. எண்ணெய்ப்பசையுள்ள தடித்த தோலும் உள்ளே லிகெரோவும் இருப்பவைதான் தாங்கும். கண்ணாடித் தாள் உறையில் வருவதைக் கவனித்தால் வயது கண்ணுக்கே தெரியும், இலையின் எண்ணெய் ஏறி ஏறி உறை பழுப்பு மஞ்சளாகியிருக்கும். செதார் பெட்டியும் தன் பங்குக்கு வாசனை ஏற்றும். பெயர்தான் செதார், உண்மையில் அது நம்ம வேப்பமரக் குடும்பத்து மரம். மேலிலையில் வெள்ளையாகப் படிவதை முதிர்ச்சியின் பூ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவர்களும் உண்டு. நான் பார்த்த பூ எல்லாம் துடைத்தால் பிசுபிசுத்தது. பூஞ்சை.

என் பெட்டிக்கு வருகிறேன். 2018இல் ஒன்றை எடுத்தேன், ஐந்து வருஷம் முடிந்துவிட்டதே என்று. மொட்டை மாடி, ராத்திரி மழை பெய்து ஓய்ந்திருந்தது. சத்தியமாக அதே சுருட்டு என்று சொல்ல மாட்டேன். நெடி இல்லை. மிளகு இருந்தது, ஆனால் ரசத்தில் கடைசியாகத் தூவிய மிளகு மாதிரி. அதற்கடியில் தோல் செருப்புக் கடை வாசனை, கொஞ்சம் தேன், கடைசி அங்குலத்தில் பட்டை. அந்த வருஷம் நாலு காலி செய்தேன். 2020, 2021இலும் நன்றாகத்தான் இருந்தது. 2022 வாக்கில் மிளகு போய்விட்டது. சாம்பல் மட்டும் முன்பை விட அழகாக நின்றது.

அண்ணன் ஓய்வு பெற்று வந்தபோது இரண்டுதான் மிச்சம். அவரும் அதே பர்தகாஸில் புதிது ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். மாடியில் உட்கார்ந்து, பழையது ஆளுக்கு ஒன்று பற்றவைத்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து இழுப்பு இழுத்தார். பெருமையாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"நல்லாத்தாம்ல இருக்கு," என்றார். "ஆனா யாரோ பெரிய மனுசன் வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு. சத்தம் போட்டுப் பேச முடியல."

பாதியில் அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதுப்பெட்டியை உடைத்து ஒன்றைப் பற்றவைத்தார். இரண்டாவது இழுப்பிலேயே இருமல். கண்ணில் தண்ணீர். "இதாம்ல சுருட்டு" என்று சிரித்துக்கொண்டே இன்னும் இருமினார். அவர் வைத்துவிட்டுப் போன பாதியையும் நானே முடித்தேன்.

புதுப்பெட்டியின் மிச்சம் இப்போது குளிர்பெட்டியில் இருக்கிறது, இந்த முறை முதல் நாளே ஃப்ரீசரில் போட்டு எடுத்தாயிற்று. காலியான பழைய பெட்டியை அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, நல்ல வாசனையா இருக்கே, பட்டை லவங்கம் போட்டு வைக்கலாமே என்று சமையலறைக்கு எடுத்துப் போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.

"வேணாம்டா. அந்த வண்டு வரும்."